இரைக் கணக்கு

அப்பா இறந்து நாலரை மாதம் ஆகியும் அவர் பெயருக்குக் கடிதம் வருவது நிற்கவில்லை. எல்லாமே எதையோ கேட்டு வந்தவை. ட்வைலா அவற்றை வாரம் ஒருமுறை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, நாற்பது மைல் வண்டியோட்டி, மாவட்டத் தலைநகரில் இருக்கும் வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஜனவரி ஏழாம் தேதி அப்படிப் போனபோது மிஸஸ் தேரியோ மேஜை மேல் தாள்களை மூன்று குவியலாகப் பிரித்து வைத்திருந்தார். காலில் கம்பளிச் செருப்பு. அறைக்குள்ளேயே மூச்சு புகையாகத் தெரிந்தது.

"உட்காரு. கடன்காரங்க கிளெய்ம் கொடுக்கிற தேதி நேத்தோட முடிஞ்சது. இனிமே யாரும் புதுசா வர முடியாது. வந்ததுல இது நாம ஒத்துக்கிறது, இது முடியாதுன்னு திருப்பி அனுப்புறது, இது எனக்கே என்னன்னு புரியாதது. உங்கப்பா சொத்துக்கு நீதான் நிர்வாகி. நீ சொல்லணும்."

"சொல்றேன்."

"பல் செட்டுக்கு ஆயிரத்து நானூறு டாலர். உங்கப்பா பல் செட் போட்டிருந்தாரா?"

"வாங்கினார். போட்டதே இல்ல. படகுல கத்தி வைக்கிற டப்பாக்குள்ள கிடந்துச்சு. யாராவது திட்டினா எடுத்து அவங்களைப் பார்த்துக் கடகடன்னு ஆட்டுவார்."

"நான் கேட்டது, வாங்கினாரா இல்லையா?"

"வாங்கினார்."

"அப்ப இந்தக் குவியல்." அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த தாளை எடுத்தார். "லெஸ்டர் ஸ்ப்ராக்னு ஒருத்தர். எண்பத்தெட்டாம் வருஷம் உங்கப்பாவுக்கு ஒரு மோட்டார் கடன் கொடுத்தாராம்."

"அந்த மோட்டார் அப்பவே செத்துப்போன மோட்டார். கயிறு கட்டி நங்கூரமா போட்டிருந்தார் அப்பா. இப்பவும் துறை வாசல்ல தண்ணிக்கடியில கிடக்கு. வேணும்னா வந்து எடுத்துக்கச் சொல்லுங்க."

"முடியாதுன்னு மட்டும் எழுதறேன்."

இப்படியே கேபிள் டிவி, செருப்புக் கம்பெனி, எந்த ஊர் என்றே தெரியாத ஒரு வசூல் கம்பெனி என்று போயிற்று. கடைசியில் மிஸஸ் தேரியோ தனியாக வைத்திருந்த தடித்த உறையை எடுத்தார். இருவருக்குமே சிரிப்பு நின்றுவிட்டது.

மருத்துவமனையின் கோரிக்கை. ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம். மே மாதக் கடைசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படகில் விழுந்த அப்பா மெர்ட்டன் க்ரௌலியைப் பதினோரு வாரம் உயிரோடு வைத்திருந்ததற்கான செலவு அது. அவருக்கு வயது அறுபத்து மூன்று. வயதானவர்களுக்கான அரசுக் காப்பீடு கிடைக்க இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அந்தப் பதினோரு வாரமும் ட்வைலா அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தாள். பேச முடிந்த நாட்களில் அவர் ஒன்றைத்தான் கேட்டார். "தண்ணி எப்படி? எறா ஏறுதா?"

"அவங்க ஒத்துக்கிட்டாங்க," என்றார் மிஸஸ் தேரியோ. "அறுபதாயிரம். பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள்ள மொத்தமா கொடுத்தா மீதியை விட்டுடறாங்க. படகையும் வீட்டையும் ஏலம் விட்டு, ஆள் தேடி, அந்தத் தலைவலி அவங்களுக்கும் வேண்டாம். கோர்ட்டுல நாம கொடுத்த பட்டியல்ல படகுத்துறையில எல்வுட்கிட்ட இருக்கிற உங்கப்பா பணமும் இருக்கே, அதைப் பார்த்துத்தான் இவ்வளவு சீக்கிரம் இறங்கி வந்தாங்க."

ட்வைலா கண்ணை மூடிக்கொண்டாள். படகு தங்கிவிடும். முப்பத்தைந்து அடி, நேடீன் சி., அவள் அம்மா பெயர். பதினாறு வயதிலிருந்து அதன் பின்தளத்தில் நின்று சிங்கி இறால் பிடிக்கும் கூட்டில் இரை போட்டவள் அவள். இப்போது முப்பத்து நான்கு. அவள் பெயரில் சொந்த உரிமம் இருந்தது. படகு மட்டும் இல்லை. படகில்லாத உரிமத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரியலாம், அவ்வளவுதான்.

கணக்கு அவள் மனதில் ஏற்கெனவே ஓடியிருந்தது. அவளுடைய சொந்தச் சேமிப்பு பதினெட்டாயிரம். வண்டியை விற்றால் பதினொன்று. துறையின் சொந்தக்காரரும் இரை வியாபாரியுமான எல்வுட்டிடம் இருக்கும் அப்பாவின் மீன் பணம் முப்பத்தோராயிரத்து நானூறு. மொத்தம் அறுபதாயிரத்து நானூறு.

"நானூறு டாலர் மிச்சம்," என்றாள்.

"என் ஃபீஸை நினைச்சுப் பாரு. அப்புறம் மிச்சம்னு சொல்லு."

மீன் பணம் வந்த கதை இது. அப்பா போனதும் படகின் காப்பீடும் அவரோடு போயிற்று. சொத்தின் பெயரில் புதிதாக எடுக்கும் வரை படகைக் கிளப்பக்கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஆனால் அறுநூறு கூடுகள் கடலடியில் கிடந்தன. இந்தக் கரையில் ஒருவன் செத்தால் அவன் கூடுகளை மற்றவர்கள் இழுப்பார்கள். யாரும் கூட்டம் போட்டுப் பேசுவதில்லை. மீன்பிடியைக் கண்காணிக்கும் வார்டனிடம் போய் ஒரு அனுமதித் தாள் வாங்கினார்கள். துறையில் இருந்த பதினோரு படகும் முறை வைத்துக்கொண்டு, செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை, தங்கள் டீசலில், தங்கள் முதுகெலும்பில், மெர்ட்டனின் கூடுகளை இழுத்து, வந்த சிங்கி இறாலை மெர்ட்டன் பெயரிலேயே எல்வுட்டிடம் விற்றார்கள். கடைசியில் கூடுகளையும் கரையேற்றி அடுக்கிக் கொடுத்தார்கள். ஒரு பைசா எடுத்துக்கொள்ளவில்லை.

"ஆமா, இந்த எல்வுட்," என்று மிஸஸ் தேரியோ கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "உங்கப்பா அவர்கிட்ட இரையும் டீசலும் கடனுக்கு வாங்கியிருக்கணுமே. ஏன் கிளெய்ம் அனுப்பல? நான் கடிதம் போட்டேனே."

"அதை அடுப்புல போட்டுட்டாராம். மெர்ட்டன் மேல நான் கோர்ட்டுக்குக் காகிதம் அனுப்பணுமான்னு ஒரு வாரம் கத்தினாராம்."

"அனுப்பியிருந்தாலும் ஒண்ணும் கிடைச்சிருக்காது. சட்டத்துல வரிசை இருக்கு. கோர்ட் செலவு, அடக்கச் செலவு, அப்புறம் கடைசி வியாதிக்கு ஆன வைத்தியச் செலவு. அது தீர்ந்தப்புறம்தான் பல் டாக்டரும் இரைக்காரரும். இங்க அது தீரவே போறதில்ல."

"அவரு பெரிய மனசுக்காரர்," என்றாள் ட்வைலா. உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னாள்.

அங்கிருந்து நேராகத் துறைக்குப் போனாள். செக்கை வாங்கி அன்றைக்கே வங்கியில் போட்டுவிடலாம் என்று எண்ணம். வழியெல்லாம் பனி ஓரத்தில் ஒதுக்கிக் குவித்திருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு ரேடியோவைப் போட்டாள்.

இரைக் கொட்டகைக்கு மேலே எல்வுட்டின் அலுவலகம். அலுவலகம் என்றால் ஒரு விறகடுப்பு, ஐந்தாறு உடைந்த நாற்காலி, சுவரில் போன வருடத்து நாள்காட்டி. குளிர்காலத்தில் துறைக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் கிடப்பார்கள். அவள் படியேறியதும் பேச்சு நின்றது. எட்டு பேர் இருந்தார்கள். எல்வுட்டின் மனைவி க்ளெனிஸ் தானே சுட்ட ஆப்பிள் பை ஒன்றை மேஜை நடுவில் வைத்திருந்தாள்.

"வந்துட்டாடா," என்றார் கேரல். கேரல் அறுபது வயதுக்காரர், துறையிலேயே பெரிய வாய் அவருக்குத்தான். "நாலு நாளா இந்தப் பையைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கோம். வெட்ட விடமாட்டேங்கிறா இந்த அம்மா. கொஞ்சம் சீக்கிரம் வரக்கூடாதா நீ?"

"எனக்குத் தெரியாதே," என்று சிரித்தாள் ட்வைலா. "என்ன விசேஷம்?"

எல்வுட் எழுந்தார். மெலிந்த மனிதர், காதில் கேட்கும் கருவி, கையெல்லாம் உப்பில் வெடித்த கோடு. அவருக்குப் பேச்சு வராது. இழுப்பறையைத் திறந்து, பழைய நீளக் கணக்குப் புத்தகத்தின் ஒரு தாளை நறுக்கென்று கிழித்து அவளிடம் நீட்டினார். மேலே 'மெர்ட்டன் க்ரௌலி' என்று இருந்தது. கீழே இரண்டு வருடத்து இரை, உப்பு, டீசல், கயிறு. இருபத்தொன்பதாயிரத்து எண்ணூற்றைம்பது. அதன் மேல் குறுக்காக, பெரிய எழுத்தில், சிவப்புப் பென்சிலில் 'தீர்ந்தது' என்று எழுதியிருந்தது.

"கூடுல வந்த பணத்துல கழிச்சாச்சு," என்றார் எல்வுட். "மீதி ஆயிரத்து ஐந்நூத்தைம்பது. இந்தா." ஓர் உறையைத் தாள் மேல் வைத்தார். "உங்கப்பன் இப்ப யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்ல."

"இரைக்காரனுக்குப் பாக்கி வச்சிட்டுச் செத்தான்னு மெர்ட்டனை ஒரு பய சொல்லக்கூடாது," என்றார் கேரல். "அதுக்குத்தான்டி பொண்ணே இழுத்தோம். நவம்பர்ல அந்தக் காத்துல என் மூக்கு விழுந்து போச்சு, பாரு, இருக்கா?"

"இருக்கிறதே தொந்தரவு," என்றது யாரோ பின்னாலிருந்து. எல்லோரும் சிரித்தார்கள்.

ட்வைலா தாளைப் பிடித்தபடி நின்றாள். எல்லார் முகமும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவளும் அழுதாள். க்ளெனிஸ் வந்து கட்டிக்கொண்டு முதுகைத் தட்டினாள். "அழுது தீர்த்துடு, அழுது தீர்த்துடு. உங்கப்பா இப்ப நிம்மதியா இருப்பார்."

அப்புறம் பை வெட்டினார்கள். பெரிய துண்டை அவளுக்குக் கொடுத்தார்கள். முழுவதையும் தின்றாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, மற்றவர்கள் வருவதற்கு முன் திரும்பிப் போனாள். எல்வுட் கீழே கொட்டகையில், உறைந்த பீப்பாயின் பனிக்கட்டியைக் கடப்பாரையால் இடித்துக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மருத்துவமனை, வரிசை, அறுபதாயிரம், பதினேழாம் தேதி. அவர் இடிப்பதை நிறுத்திவிட்டு, கருவி இருந்த காதை அவள் பக்கம் திருப்பிக் கேட்டார்.

"அந்தப் பணம் எனக்குத் திரும்ப வேணும் எல்வுட்," என்றாள் கடைசியில். "படகு போயிடும்."

"எந்தப் பணம்?"

"இருபத்தொன்பதாயிரத்து எண்ணூத்தைம்பது."

"அது உங்கப்பன் எனக்குத் தர வேண்டியது."

"ஆமா. ஆனா இப்ப நீங்க அதை வாங்கியிருக்கக் கூடாது. சட்டப்படி."

"சட்டமா?" கடப்பாரையை மெல்லச் சுவரில் சாய்த்து வைத்தார். "நாப்பது வருஷமா மெர்ட்டனும் நானும் கொடுத்து வாங்கிக்கிட்டிருக்கோம். ஒரு சட்டமும் இந்தக் கொட்டகைக்குள்ள வந்ததில்ல. அவன் எறா, அவன் கணக்கு. நான் என்ன திருடினேனா?"

"நான் அப்படிச் சொல்லல."

"அப்படித்தான் காதுல விழுந்துச்சு."

"கடனாவாவது கொடுங்க. படகு என் பேருக்கு வந்ததும் முதல் சீசன்லயே கழிச்சுடறேன். ஒவ்வொரு எறாலயும் கழிச்சுக்கங்க."

அவர் கையுறையைக் கழற்றித் தொடையில் தட்டினார். "பணம் இல்ல பொண்ணே. இரைக்கு ஹெரிங் மீன் கொண்டுவர்ற லாரிக்காரன் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வாசல்ல வந்து நின்னான். அவனுக்கே நான் ரெண்டு வருஷப் பாக்கி. மெர்ட்டன் கணக்கு முடிஞ்சதால அவன் கணக்கை முடிச்சேன். இல்லைன்னா இந்த வசந்தத்துல இங்க இரையே வராது. பதினோரு படகும் எதைப் போட்டுப் பிடிக்கும்?"

"துறையை அடமானம் வச்சுக் கடன் வாங்க முடியாதா? வங்கியில?"

"துறை வங்கியிலதான் இருக்கு. நாம நிக்கிற இந்தப் பலகைகூட." அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "என் மேல கேஸ் போடப் போறியா?"

"தெரியல," என்றாள் ட்வைலா. இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

அடுத்த ஆறு நாளில் மூன்று வங்கிக்குப் போனாள். எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள். அடமானம் என்ன? படகு. படகு யாருடையது? கோர்ட்டில் இருக்கிறது. அப்படியென்றால் கோர்ட் முடிந்து வாருங்கள். மூன்றாவது வங்கியில் இருந்த பெண், ட்வைலாவோடு பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து ஆடியவள், காப்பி கொடுத்து உபசரித்துவிட்டு அதையே சொன்னாள். சொந்தக்காரர் என்று யாரும் இல்லை. துறைக்காரர்களிடம் கேட்கலாம் என்று ஒருமுறை தோன்றியது. கேட்டால் எதற்கு என்பார்கள். எதற்கு என்று சொன்னால் அந்த ஆப்பிள் பையை அவர்கள் வாயிலிருந்து பிடுங்கியதுபோல் ஆகும். அவர்களிடமும் இல்லை என்பது வேறு விஷயம். அந்த வருடம் இறால் விலை அப்படி.

பதினைந்தாம் தேதி மிஸஸ் தேரியோவிடம் போய், சிவப்புப் பென்சில் போட்ட தாளை மேஜை மேல் வைத்தாள். அவர் அதைப் படித்துவிட்டு, தலையைக் கையில் தாங்கிக்கொண்டார்.

"நல்ல மனுஷங்கதான் எனக்கு எப்பவும் அதிக வேலை கொடுக்கிறாங்க," என்றார். "கேளு. இந்தப் பணம் உன் பணமில்ல, எல்வுட் பணமுமில்ல. இறந்தவரோட சொத்து. அது வரிசை தாண்டிப் போயிடுச்சு. திருப்பிக் கேட்க வேண்டியது நிர்வாகியோட கடமை. நீ கேட்காம விட்டா, ஏன் விட்டேன்னு மருத்துவமனை உன்னைக் கேட்கும். பட்டியல்ல உன் கையெழுத்து இருக்கு. அப்ப அது உன் தலையில விழும்."

"கேஸ் போட்டா?"

"ஜெயிப்போம். இதுல சந்தேகமே இல்ல. ஆனா ஆறு மாசம் ஆகும். பதினேழாம் தேதி போச்சு, படகும் போச்சு. அவர்கிட்ட பணம் இல்லைன்னா அந்தக் கடனைத் துறை மேல எழுதுவாங்க."

"அப்ப துறை என்ன ஆகும்?"

"வித்துடுவாங்க. வாங்க ஆள் இருக்கா?"

"நியூயார்க்காரன் ஒருத்தன் மூணு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கான். இரை நாத்தம் போனதும் அங்க உட்கார்ந்து ஒயின் குடிக்கணுமாம்."

மிஸஸ் தேரியோ சிவப்புப் பென்சில் தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

ட்வைலாவுக்கு அப்போது உள்ளே ஏதோ எரிந்தது. அவள் கேட்டாளா அவர்களை, அப்பா பெயரைச் சுத்தம் பண்ணச் சொல்லி? இரண்டு மாதம் அந்தக் கணக்குப் புத்தகம் இழுப்பறையில் இருந்தது. ஒருவராவது அவளிடம் ஒரு வார்த்தை சொன்னார்களா? பதினோரு வாரம் அவள் நாற்காலியில் தூங்கியபோது, அப்பாவின் படகு அவளுக்கு என்று எவராவது நினைத்தார்களா? எல்லாம் ஆம்பிளைகளுக்குள் தீர்த்துக்கொண்டார்கள். உயிரோடு இருந்தவள் அவள், ஆனால் செத்தவனுக்குத்தான் எல்லோரும் உதவி செய்தார்கள்.

"போடுங்க கேஸ்," என்றாள். "படகு போறதுன்னு ஆச்சு. வேற யாரும் சும்மா தப்பிக்க வேண்டாம்."

"நிச்சயமா?"

"எழுதுங்க."

மிஸஸ் தேரியோ கம்ப்யூட்டரில் தட்டினார். மூலையில் இருந்த இயந்திரம் இரண்டு தாளைத் துப்பியது. அவர் அதை எடுத்துவந்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, பேனாவையும் கொடுத்தார். ட்வைலா பேனாவை வைத்துவிட்டு முதலில் தாளின் மேற்பகுதியைப் பார்த்தாள். எதிர்மனுதாரர் என்ற இடத்தில் எல்வுட்டின் முழுப்பெயர் இருந்தது. அவருக்கு நடுப்பெயர் உண்டு என்றே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். மனுதாரர் என்ற இடத்தில் அவள் பெயர் இல்லை. மெர்ட்டன் க்ரௌலி, இறந்தவர், அவருடைய சொத்து என்று இருந்தது. அவள் பெயர் கீழே சின்ன எழுத்தில், நிர்வாகி என்று.

"இங்க என் பேரு போடக்கூடாதா?"

"முடியாதும்மா. வழக்கு போடறது அவரோட சொத்து. நீ அவர் சார்பா நிக்கிற, அவ்வளவுதான்."

"அப்ப அப்பாதான் எல்வுட் மேல கேஸ் போடறார்."

"காகிதத்துல, ஆமா."

வெளியே பனி தள்ளும் வண்டி ஒன்று தெருவை இரண்டு முறை சுற்றிப் போகும் வரை ட்வைலா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவின் மூடியை மாட்டினாள்.

"எல்வுட்கிட்டப் போன துறைப் பணத்தை விட்டுடுங்கன்னு மருத்துவமனைகிட்ட கேட்டா, விடுவாங்களா?"

"சும்மா விடமாட்டாங்க."

"படகு, கூடு, அப்பாவோட வீடு எல்லாத்தையும் வித்து எடுத்துக்கட்டும். அது எப்படியும் போறது. அதுக்கு மேல என் பதினெட்டாயிரத்தைக் கொடுக்கிறேன்."

"ட்வைலா. அது உன் சொந்தப் பணம். அதை யாராலயும் தொட முடியாது. நீ எனக்குக் கொடுக்கிற ஃபீஸுக்கு நான் ஒரே ஒரு புத்தி சொல்லலாம்னா இதைத்தான் சொல்லுவேன். தொடாதே. அதுல ஒரு சின்னப் படகாவது வாங்கலாம். நாளைக்கு எல்வுட் வந்து உனக்கு நன்றி சொல்லப் போறாரா?"

"அவருக்குத் தெரியக்கூடாது."

"ஏன்?"

"தெரிஞ்சா அவர் ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் போய்க் கடன் கேட்பார். துறையையே எழுதிக் கொடுத்தாலும் கொடுப்பார். அப்புறம் நான் எதுக்கு இதைச் செஞ்சேன்னு ஆயிடும்." அவள் எழுந்து கோட்டை மாட்டினாள். "பெரிய மனசெல்லாம் இல்ல மிஸஸ் தேரியோ. எனக்கு அவங்க எல்லார் மேலயும் அவ்வளவு கோபம் வருது. அப்பா பேரை அதுல போட முடியல, அவ்வளவுதான்."

மருத்துவமனைத் தரப்பு மூன்று வாரம் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டது. கோர்ட்டும் முத்திரை குத்திற்று. வங்கியிலிருந்து பதினெட்டாயிரத்தை எடுத்தபோது கூடைப்பந்துக்காரி, "ஏதாவது நல்ல விஷயமா?" என்று கேட்டாள்.

மார்ச் முதல் வாரத்தில் படகு விற்பனையானது. கிழக்கே மூன்று துறை தள்ளி இருந்த ஒருவன் வாங்கினான். இளைஞன், மரியாதையானவன். இன்ஜினைக் கிளப்பிப் பார்த்துவிட்டு, பெயரை மாற்றப் போவதாகவும், அவளுக்கு வருத்தம் வேண்டாம் என்றும் சொன்னான். கூடுகளைக் கேரல் ஏலத்தில் எடுத்தார். வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதே என்று எடுத்தாராம். ஏப்ரலுக்குள் எது யார் கூடு என்று காட்டும் மிதவைகளில் அப்பாவின் பச்சையும் வெள்ளையும் போய்க் கேரலின் ஆரஞ்சு வந்துவிட்டது.

படகு போகும்போது அவளோடு நிற்க யாரும் வரவில்லை. க்ளெனிஸ் மூலம் விஷயம் ஏற்கெனவே பரவியிருந்தது. பெட்ரோல் பங்கில் கேரல் அவளை மறித்துக் கேட்டார்.

"பை தின்ன மறுநாளே போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டியாமே. நிஜமா?"

"கேட்டேன்."

"எல்வுட்கிட்டயா?"

"எல்வுட்கிட்டத்தான்."

"மருத்துவமனைக்காரன் படகைத் தூக்கிட்டுப் போறான், அவனை விட்டுட்டு இந்தக் கிழவன் கழுத்தைப் பிடிக்கிற. மெர்ட்டன் இருந்தா என்ன சொல்லியிருப்பான்?"

ட்வைலா வண்டியில் ஏறினாள். பதில் ஒரே வரிதான். அந்த வரியைச் சொன்னால் கேரல் அதை அப்போதே அலுவலகத்துக்குக் கொண்டுபோயிருப்பார்.

அந்த வசந்தத்தில் பின்தளத்து வேலைக்கு நாலு படகில் ஆள் தேவைப்பட்டது. நாலு பேரிடமும் கேட்டாள். நாலு பேரும் மச்சான் மகன், பக்கத்து ஊர்க்காரன், பார்க்கலாம் என்றார்கள். அப்பாவின் வீடு விற்றுப்போய், மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே ஒரு அறையில் இருந்தாள். ஏப்ரல் கடைசியில் எல்வுட்டிடமிருந்து போன் வந்தது. இரைக் கொட்டகைக்கு ஆள் வேண்டுமாம். அவர் தோள் இனிமேல் தாங்காதாம். "நீ வந்தா வா," என்றார்.

போனாள். ரப்பர் கால்சட்டை, முழங்கை வரை கையுறை. லாரியிலிருந்து இறங்கும் ஹெரிங்கை உப்புப் போட்டுப் பீப்பாயில் அடைப்பது, காலையில் வரும் படகுகளுக்குத் தட்டில் அள்ளி இறக்குவது. படகிலிருந்து, "இன்னும் ரெண்டு தட்டு," என்று கேரல் கத்துவார். இன்னும் இரண்டு தட்டு இறக்குவாள். அவ்வளவுதான் இருவருக்கும் பேச்சு. நாற்றம் தலைமுடியில் ஏறிக்கொண்டது. அது அவளுக்குப் புதிதில்லை. பதினாறு வயதிலிருந்தே அதே நாற்றம்தான். முன்பு அதோடு கடலுக்குப் போவாள், இப்போது கரையில் நிற்கிறாள்.

முதல் சனிக்கிழமை கூலி வாங்க மேலே போனாள். அடுப்பு அணைந்திருந்தது. எல்லோரும் தண்ணீரில் இருந்தார்கள். எல்வுட் கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, நோட்டுகளை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார். அவள் கிளம்பும்போது, ஏதோ சொல்ல வருகிறவர்போல் தொண்டையைச் செருமினார்.

"அந்த ஜனவரி விஷயம். நான் மனசுல வச்சுக்கல."

"சரி எல்வுட்."

"படகு கையைவிட்டுப் போற நேரம். யாரா இருந்தாலும் வாயில எதுவும் வரும். க்ளெனிஸ்கிட்டயும் சொல்லிட்டேன், விட்டுடுன்னு."

"சரி."

"நீ பாட்டுக்கு ஒரு படகு வாங்கு. எப்பவாவது. இரை நான் கடனுக்குத் தர்றேன். டீசலும்." புத்தகத்தின் அட்டையை உள்ளங்கையால் தடவினார். "க்ரௌலிங்கிற பேருக்கு இங்க எப்பவும் கடன் உண்டு. ஒரு பைசா பாக்கி இல்லாத பேரு அது."

ட்வைலா அவரைப் பார்த்தாள். வயதாகிவிட்டது அவருக்கு. காதுக் கருவி கீச்சென்று சத்தம் போட்டது. அவர் அதைத் திருகிக்கொண்டே, அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார்.

"ரொம்ப நன்றி," என்றாள். கூலியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினாள். பீப்பாய் இன்னும் மூன்று பாக்கி இருந்தது.